பதிவு செய்தவர் கைக்குப் போய்ச்சேராத பிடிஎஃப்

இனிப்புக் கடையில் மைசூர்பாகை விரல் நுனி அளவு கிள்ளி நீட்டுவார்கள். வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கால் கிலோவா, அரை கிலோவா என்ற பேச்சே வரும். மின்னஞ்சல் மார்க்கெட்டிங்கில் லீட் மேக்னெட் என்கிறார்களே, அதுவும் இந்தக் கிள்ளல்தான். சரிபார்ப்புப் பட்டியல், எக்செல் தாள், ஐந்து நாள் மின்னஞ்சல் பாடம் என்று பயன்படுகிற ஏதாவது ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்து, பதிலுக்கு மின்னஞ்சல் முகவரியைப் பெறுகிறோம். கடையில் துண்டு கைமாறுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று கொடுத்தவருக்கே தெரியாது.

வேளச்சேரியில் மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'மழைக்கு முன் மாடியில் பார்க்க வேண்டிய 12 இடங்கள்' என்று ஒரு பிடிஎஃப் போடுகிறார்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டோட்டின் இணைப்புகள், மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் இப்படி. விஷயம் நல்ல விஷயம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும், தளம் காய்ந்திருக்கும்போதே வேலை முடிந்தாக வேண்டும். அதனால் பட்டியல் ஆகஸ்டிலேயே வெளியே வந்தால்தான் பலன். இதற்கு நிறுவனங்கள் என்ன செய்கின்றன? கேன்வா என்ற வடிவமைப்புக் கருவியில் முகப்பு அட்டைக்கு இரண்டு நாள், அனுப்பும் ஏற்பாட்டுக்கு இருபது நிமிடம். தலைகீழாக இருக்க வேண்டிய கணக்கு. கருவிகளை வாசகரின் இன்பாக்ஸில் தொடங்கிப் பின்னோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். வடிவமைப்புக் கருவி கடைசியில்தான் வரும்.

இன்பாக்ஸ் வாசலில்

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சலுக்கு மேல் அனுப்புபவருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புபவரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நம் வேளச்சேரி நிறுவனம் நாளுக்கு ஐம்பதுதான் அனுப்பும். இருந்தாலும் மூன்றையும் செய்துவிடுவதே நல்லது, அரை நாள் வேலைதான்.

எஸ்பிஎஃப் என்பது 'என் டொமைன் பெயரில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு அனுமதி' என்று டிஎன்எஸ்-இல், அதாவது டொமைனின் விவரங்களை எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில், எழுதி வைக்கும் ஒரு வரி. டிகேஐஎம், ஒவ்வொரு மின்னஞ்சலிலும் போடப்படும் மறைகுறிக் கையெழுத்து. டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது 'அனுப்புநர்' இடத்தில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் உத்தரவு. அனுப்பும் சேவைகள் பலவும் திரும்பிவரும் மின்னஞ்சல்களை வாங்கத் தங்கள் டொமைனையே பயன்படுத்துவதால், எஸ்பிஎஃப் சரியாக இருந்தும் அது உங்கள் டொமைனோடு பொருந்தாது. அப்போது டிமார்க்கைத் தாங்கி நிற்பது டிகேஐஎம் மட்டுமே. அதில் பிழை இருந்தால் தாங்குவதற்கு வேறு எதுவும் இல்லை.

பிழை எங்கே வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்ததுதான். அலுவலக மின்னஞ்சலுக்காக ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் வரி இருக்கும். புதுக் கருவி 'இதைச் சேருங்கள்' என்று இன்னொன்றைத் தரும். அதை அப்படியே தனி வரியாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான், இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். அந்த ஒற்றை வரியும் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக் கூடாது. மெயில், வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சிஆர்எம், பில்லிங் மென்பொருள் என்று எல்லாவற்றையும் அதில் திணித்தால் பத்து சீக்கிரம் தாண்டிவிடும். டிகேஐஎம்-இல் வரும் தவறு வேறு மாதிரி. டொமைன் விற்ற நிறுவனத்தின் பக்கத்தில், கருவி தந்த டிகேஐஎம் பதிவின் பெயரை முழுதாக ஒட்டுவோம். அந்தப் பக்கம் தன் பங்குக்கு டொமைன் பெயரைக் கடைசியில் இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளும். 'பெயர்.டொமைன்.டொமைன்' என்று ஆகி, சரிபார்ப்பு நாள்கணக்கில் 'காத்திருக்கிறது' என்றே காட்டும். கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்-இல் வைக்கும் 2048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் நீளும், சில பேனல்கள் அதைப் பாதியில் வெட்டிவிடும். டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்குவதே முறை.

ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வெளிக் கருவி வழியாக அனுப்புவது இப்போது நடக்காத காரியம். டொமைன் உங்களுடையது இல்லை, அதற்கு உங்கள் கருவி கையெழுத்துப் போட முடியாது. மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகும், அல்லது கருவியே அனுப்புநர் முகவரியைத் தன்னுடையதாக மாற்றிவிடும். சொந்த டொமைன் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவு. முகப்பு அட்டை வரைபவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுள் வைக்கும் எல்லை, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. 200 மின்னஞ்சல் போன நாளில் ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே 0.5 ஆகிவிடும். அதனால் 'விலகு' இணைப்பைச் சாம்பல் நிறத்தில் ஆறு பாயின்டில் ஒளித்து வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அது கிடைக்காதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

யார் அனுப்புவது

கருவி விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் பெயர் மாறிய ஜோஹோ, கூடுவாஞ்சேரிப் பக்கம் எஸ்டான்சியா வளாகத்தில்தான் இருக்கிறது. அதன் மின்னஞ்சல் அனுப்பும் சேவையான ஜோஹோ கேம்பெயின்ஸுக்கு ரூபாயில் பணம் கட்டலாம். ஊர்ப் பாசத்துக்காக இதைச் சொல்லவில்லை, பணம் கட்டும் விதம் அனுப்பும் ஏற்பாட்டின் ஒரு பகுதி என்பதால் சொல்கிறோம். மெயில்சிம்ப், கிட் (2024 வரை கன்வெர்ட்கிட்), மெயிலர்லைட், பிரெவோ (2023 வரை சென்டின்ப்ளூ) எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள். 2021 அக்டோபரில் வாடிக்கையாளரின் முன் அனுமதியைக் கேட்கும் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, மாதாமாதம் கார்டில் தானாகக் கழியும் பணம் பல இடங்களில் நின்றுபோனது. இன்றும் கார்டு மாறினாலோ காலாவதியானாலோ தொகை கழியாது, கணக்கு முடங்கும், ஆனால் இணையதளத்தில் படிவம் தன்பாட்டுக்குப் பெயர்களை வாங்கிக்கொண்டே இருக்கும். பதிவு செய்தவருக்கு ஒன்றும் வராது, நிறுவனத்துக்கும் தெரியாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வெளிநாட்டுச் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜில் (வாங்குபவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் ஆடிட்டர் ஞாபகப்படுத்துவார்.

இலவசத் திட்டங்களின் எண்ணிக்கை வரம்பு அடிக்கடி மாறும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இலவசத் திட்டத்தில் ஆட்டோமேஷன் உண்டா? அது இல்லாவிட்டால் படிவம் நிரப்பியவருக்குத் தானாக எதுவும் போகாது. கூகுள் ஃபார்மோடு, கூகுளின் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை இணைத்து அனுப்பும் கைவைத்தியமும் உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 100 பேர், நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 1,500 பேர் என்பது அதன் வரம்பு. தொடங்கிப் பார்க்கச் சரி. ஒரு விளம்பரம் நன்றாக ஓடிய நாளில் 101-வது ஆளுக்கு எதுவும் போகாது.

ஆட்டோமேஷனில் அதிகம் பேர் விழும் குழி இது. 'முகவரிப் பட்டியலில் சேர்ந்ததும் அனுப்பு' என்று தூண்டுதல் வைத்திருப்பார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவர் இரண்டாவது இலவசக் கோப்புக்காகப் பதிவு செய்வார். அவர் புதிதாகச் சேரவில்லையே, எனவே தூண்டுதல் நடக்காது. உங்கள் பழைய, விசுவாசமான வாசகருக்குத்தான் கோப்பு போகாது. தூண்டுதலை 'இந்தப் படிவம் நிரப்பப்பட்டதும்' என்றோ 'இந்த டேக் (வாசகருக்கு ஒட்டும் அடையாளச் சொல்) சேர்ந்ததும்' என்றோ வைத்து, மறுபடி நுழையவும் அனுமதி கொடுக்க வேண்டும். முதல் மின்னஞ்சலுக்கு முன் காத்திருப்பு நேரம் ஏதாவது இயல்பாகவே போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பூஜ்யமாக்குங்கள். கணக்கின் நேர மண்டலத்தையும் பாருங்கள். நியூயார்க் நேரத்தில் இருந்தால், காலை 10 மணிக்கு என்று வைத்த தொடர் மின்னஞ்சல் நம் ஊரில் இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோதான் வரும்.

இரட்டை ஒப்புதல், அதாவது முகவரியை உறுதிசெய்யச் சொல்லி முதலில் ஒரு மின்னஞ்சல், பிறகு கோப்போடு இன்னொன்று என்பது பாதுகாப்பானது. ஆனால் இரண்டு மின்னஞ்சல் என்றால் நடுவிலேயே ஆள் கழன்றுகொள்வார். கிட் போன்றவற்றில் கோப்பைத் தரவிறக்கும் பொத்தானே உறுதிசெய்யும் பொத்தானாகவும் இருக்கும். இந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்தது. ஓஎம்ஆர் சாலை ஐடி நிறுவன முகவரிகளில் மட்டும் ஒரு சிக்கல். அங்குள்ள பாதுகாப்பு மென்பொருள், ஆள் திறப்பதற்கு முன்பே இணைப்புகளை ஒருமுறை தொட்டுப் பார்க்கும். மனிதர் அழுத்தாமலேயே உறுதிசெய்ததாகப் பதிவாகும். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் தரவிறக்க இணைப்பாக இருந்தால், மென்பொருள் தொட்டதிலேயே அது செத்துப்போகும். ஆகவே ஒரே ஒரு தரம் என்ற கட்டுப்பாடு வேண்டாம். கால வரம்பு வேண்டுமானால் ஒரு வாரம் என்று வையுங்கள். கோப்பு வைக்கும் சேவையான அமேசான் எஸ்3-இல், கால வரம்போடு தரும் முன்கையெழுத்திட்ட இணைப்புக்கு உச்சவரம்பும் ஏழு நாள்தான்.

கோப்பை மின்னஞ்சலோடு சேர்த்து (அட்டாச்மென்டாக) அனுப்பாமல், தரவிறக்கும் லிங்க்காகக் கொடுங்கள். கூகுள் டிரைவில் வைத்தால் பகிர்வு 'இணைப்பு உள்ள எவரும்' என்று இருக்கிறதா என்பதை வேறொரு கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் இரவு பதினோரு மணிக்கு 'அனுமதி வேண்டும்' என்ற கோரிக்கைகள் வரிசையாக வந்து விழும். புதுப் பதிப்பு போடும்போது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் இணைப்பு மாறிவிடும். அதே கோப்பில் 'பதிப்புகளை நிர்வகி' வழியாக ஏற்றினால் பழைய இணைப்பே வேலை செய்யும். சொந்தத் தளத்தில் வைப்பவர்கள் கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். 'சென்னை' என்று படிக்க மூன்றெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில் அது ச, எகரக் குறி, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். இணைப்பில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். மொத்தம் 54 எழுத்து, அதுவும் ஒரே சொல்லுக்கு. அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குக் குப்பைபோல் தெரியும்.

தமிழில் செய்தால்

உருவாக்கும் கருவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்லாத சங்கடங்கள் தமிழ்க் கோப்பில் உண்டு. எ, ஏ, ஐ உயிர்க்குறிகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் வரையப்படுகின்றன. ஒ, ஓ குறிகள் எழுத்தின் இருபக்கமும் பிரிந்து நிற்கின்றன. இந்த வேலையைச் செய்யும் பகுதி இல்லாத மென்பொருளில் 'கெ' என்பது குறி பின்னால் தொங்கிக்கொண்டு வரும். தளத்திலிருந்து தானாகப் பிடிஎஃப் உருவாக்கித் தரும் எளிய நிரல் நூலகங்கள் பல இங்கேதான் சறுக்குகின்றன. ஒவ்வொருவருக்கும் அவர் பெயரோடு பிடிஎஃப் தர வேண்டுமென்றால், பக்கத்தை இணையப் பக்கம்போல் எச்டிஎம்எல்-ஆக எழுதி குரோம் வழியாகப் பிடிஎஃப் ஆக்குவதே நம்பகமான வழி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்பவர்கள் பத்தி அமைப்பில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

பழைய அச்சகத்தில் வடிவமைத்து வாங்கினால் இன்னொன்று. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்து தருவார்கள், பார்க்க அழகாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் கூட்டாக வரும். கோப்புக்குள் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. லீட் மேக்னெட் பகிரப்படுவதற்காகவே செய்வது. ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்களில் ஒன்றைக் கேளுங்கள்.

பக்க அளவைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. ஏ4 தாளின் அகலம் 210 மிமீ. கையிலுள்ள போனின் திரை அகலம் சுமார் 70 மிமீ. மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிறது. ஆங்கில எழுத்தே அந்த அளவில் தடுமாறும். புள்ளியும் சுழியும் நிறைந்த தமிழில் 'ன', 'ண' வித்தியாசம் தெரியாது. பக்கத்தை ஏ6 ஆக, அதாவது 105 மிமீ அகலத்தில் அமைத்து 14 பாயின்ட் வைத்தால் போனில் ஒன்பது பாயின்டைத் தாண்டும், பெரிதாக்காமலேயே படிக்கலாம். வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் முட்டிக்கொள்ளும். அச்செடுத்து மாடிக்குக் கொண்டுபோக வேண்டிய பட்டியல் என்றால் மட்டும் ஏ4, அதுவும் ஒற்றைப் பக்கம், பின்னணி வண்ணம் இல்லாமல். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுப்பார்கள் என்று எண்ணிச் செய்யுங்கள். படங்களை 150 டிபிஐ-க்குக் குறைத்தால் பெரும்பாலான கோப்புகள் 2 எம்பி-க்குள் அடங்கும்.

மின்னஞ்சலின் உடலிலும் தமிழுக்கு எடை அதிகம். 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி ஒளித்துவிடும். அடியில் இருக்கும் விலகு இணைப்பும் அதோடு மறையும். ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால் தமிழில் அந்த எல்லை சீக்கிரம் வரும். இழுத்துப் போட்டு அடுக்கும் எடிட்டர்கள் சேர்க்கும் மறைமுகக் குறிமொழியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கோப்பு கொடுக்கும் மின்னஞ்சலுக்கு வடிவமைப்பே தேவையில்லை. நாலு வரி, ஒரு பொத்தான் போதும்.

பெயர் கேட்கும் இடம்

படிவத்தில் இரண்டு கட்டங்களுக்கு மேல் வேண்டாம். அதிலும் பெயர்க் கட்டத்தை வெளிநாட்டுக் கருவிகள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்கும். நம் ஊர் வழக்கத்தில் தலைப்பெழுத்து முன்னால் வரும். 'எஸ் குமார்' என்று ஒருவர் எழுதினால் கருவி முதல் சொல்லை எடுத்து 'வணக்கம் எஸ்' என்று அனுப்பும். 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்தது. பெயரோடு வேற்றுமை உருபையும் ஒட்டாதீர்கள். கருவிக்குச் சந்தி தெரியாது. குமாருக்கு, ராஜாவுக்கு, லட்சுமிக்கு என்று மூன்று பேருக்கு மூன்று விதம். 'வணக்கம்' போட்டுப் பெயரை அப்படியே விடுவதே பத்திரம். பெயர் காலியாக இருந்தால் என்ன வர வேண்டும் என்பதையும் நிரப்பிவிடுங்கள்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் குறிப்பாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். விலகுவது சேர்வதைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியோடு 'எங்கள் கூட்டாளிகளின் சலுகைகளும் வரட்டும்' என்று எழுதிவைக்கும் பழக்கம் இதற்குப் பொருந்தாது. கோப்பு அனுப்புவதற்கு ஒரு வரி, வாராந்திரக் கடிதத்துக்குத் தனிப் பெட்டி என்று பிரித்துக் கேட்பதே சரி.

நன்றிப் பக்கத்திலேயே கோப்பைக் கொடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். கொடுத்தால் போலி முகவரி போட்டவருக்கும் கிடைத்துவிடும். தட்டச்சுப் பிழையோடு முகவரி கொடுத்தவருக்குத் தான் பிழை செய்தது தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினால் போதும்: எந்தப் பெயரில் மின்னஞ்சல் வரும், தலைப்பு என்ன, இன்பாக்ஸில் இல்லாவிட்டால் ப்ரமோஷன்ஸ் பகுதியிலும் ஸ்பேமிலும் பாருங்கள். கூடவே, அவர் கொடுத்த முகவரியைத் திரும்பக் காட்டுங்கள். ஜிமெயில் எழுத்து இடம் மாறியிருந்தால் அங்கேயே கண்ணில் படும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021-இல் ஐபோனின் ஐஓஎஸ் 15-ஓடு வந்த மெயில் பிரைவசி ப்ரொடெக்ஷன், திறந்ததைக் கணக்கிட மின்னஞ்சலில் வைக்கும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால் திறக்காததும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். தரவிறக்க எண்ணிக்கையையும் வரும் பதில்களையும் பாருங்கள். 'உங்கள் மாடியில் எந்த இடத்தில் ஒழுகுகிறது?' என்று ஒரு கேள்வியோடு மின்னஞ்சலை முடித்தால், பதில் எழுதுகிறவர் யார் என்பது தெரியும். அவரைத்தான் முதலில் போனில் கூப்பிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது முகவரியில் நீங்களே பதிவு செய்து பாருங்கள். ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் ஒரு எண்ணும் சேர்த்தால் புது ஆள்போல் கருவிக்குத் தெரியும், அஞ்சல் உங்களுக்கே வரும். அதோடு ஒரு அவுட்லுக், ஒரு யாஹூ. அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், சாதாரண ஆண்ட்ராய்டு போனில். வேளச்சேரி நிறுவனத்துக்கு இந்தச் சோதனையைச் செய்ய ஏற்ற மாதம் ஜூலை. பிழை தெரிந்தாலும் ஆகஸ்டுக்குள் திருத்த நாள் இருக்கும்.